முதல் பந்தி

ஜூன் 23, ஞாயிறு

வெளிநாட்டு மண்ணில் நான் செய்த முதல் காரியம், அடுத்தவன் சீட்டில் போய் உட்கார்ந்தது. பெல்ஜியத்தில் கெண்ட் ஸ்டேஷன் வாசலில் டாக்சி நின்றது. வழக்கம்போல இடது பக்கத்து முன்கதவைத் திறந்து, ஏறி, பெல்ட்டையும் மாட்டிவிட்டேன். வயிற்றில் ஸ்டீயரிங் இடித்தது. டிரைவர் வெளியே நின்றபடி குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அருப்புக்கோட்டையில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்த சோலை டிரைவிங் ஸ்கூல் அதிபருக்கு, வண்டியில் எந்தப் பக்கம் ஏறுவது என்று தெரியவில்லை. என்ன செய்வது? இத்தனை வருஷமாக இடது பக்கம் உட்கார்ந்து, காலடியில் இரண்டாவது பிரேக்கை வைத்துக்கொண்டு, "கிளட்சை விடு, மெதுவா விடுங்கிறேன்ல" என்று கத்தியே பழகிய உடம்பு. மூளையைக் கேட்டுக்கொண்டா உட்காரும்?

"அப்பா, நீங்களே ஓட்டுறீங்களான்னு கேக்குறாரு" என்றாள் மித்ரா. சிரிப்பை அடக்க முடியாமல் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஓட்டுறேன்னு சொல்லு. வழியை மட்டும் அவரைச் சொல்லச் சொல்லு."

மித்ரா இங்கே ஒரு செமஸ்டர் படிக்க வந்தவள். பரீட்சை முடிந்துவிட்டது. கூட்டிக்கொண்டு வரப் போகிறேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். அவளுக்குத் தனியாக வரத் தெரியாதா? உண்மையில் நான் வந்தது பெட்டிக்காக. என் மனைவி புஷ்பத்தின் தம்பி பூமிநாதன் பிரஸ்ஸல்ஸில் பெரிய கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். அவன் மகளுக்கு வருகிற சனிக்கிழமை சடங்கு. அத்தை வீட்டுச் சீர் போகாமல் முடியுமா? புஷ்பத்துக்கு விமானம் என்றாலே தலைசுற்றல். அதனால் பட்டுச்சேலை, வளையல், தட்டு, சந்தனம், குங்குமம் எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டாள். தலைச்சுமையாக வந்து சேர்ந்தேன்.

ஏர்போர்ட்டுக்கு வருகிறேன் என்ற பூமிநாதன் வரவில்லை. சரி, இருக்கட்டும். மனசில் ஒரு முடிச்சு.

ஜூன் 24, திங்கள்

மித்ராவின் ஹாஸ்டல் ரூமில் நான். அவள் பக்கத்து ரூம் இனேஸ் கூடப் படுத்துக்கொள்கிறாள். இனேஸ் போர்ச்சுகல் பெண். என்னை "அப்பா" என்றே கூப்பிடுகிறாள். அவள் அப்பா கேட்டால் என்ன நினைப்பாரோ. காலையில் இட்லிப் பொடியை ஸ்பூனால் அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, "குட், குட்" என்றாள். பொய் சொல்லத் தெரிந்த நல்ல பிள்ளை.

இந்த வராந்தாவில் இருக்கும் அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே சமையலறை. பாத்திரத்தை முறை வைத்துக் கழுவுகிறார்கள். வீட்டில் ஒரு டம்ளரை நகர்த்தாத என் மகள் இங்கே அடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புஷ்பத்துக்குக் காட்ட வீடியோ எடுத்தேன்.

குளியலறைக் கொடியில் நீலக் கலரில் சின்னதாக ஒரு உடுப்பு, ரப்பர் குல்லா, கண்ணாடி எல்லாம் தொங்கின. அப்பன் பார்க்கிற சாமான் இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு பல் விளக்கினேன்.

இனேஸ் என்னிடம் வந்து, மித்ராவைக் காட்டி, இரண்டு கையையும் முன்னால் வீசி வீசி ஏதோ சொன்னாள். டான்ஸ் போலிருக்கிறது என்று நானும் கையை வீசினேன். வராந்தாவே சிரித்தது. எனக்கும் பெருமைதான்.

சனிக்கிழமை இந்தக் கூட்டம் முழுக்க ஆஸ்டெண்ட் கடலுக்குப் போகிறதாம். ஞாயிறும் திங்களும் ஆளுக்கொரு தேசமாகப் பிரிந்துவிடுவார்களாம். அதனால் எல்லாரும் சேர்ந்து இருக்கும் கடைசி நாள் அது.

"அன்னிக்கி நீங்க மட்டும் மாமா வீட்டு விசேஷத்துக்குப் போயிட்டு வாங்கப்பா. நான் இவங்களோட கடலுக்குப் போறேன். மாமாவே சொல்லிட்டாங்க, படிப்பு டென்ஷன்ல இருப்ப, நீ வந்து சிரமப்பட வேணாம்னு."

"பரவாயில்லையே, உங்க மாமனுக்கு உன் மேல எம்புட்டு அக்கறை" என்றேன். முடிச்சை அவிழ்த்துவிட்டேன்.

ஜூன் 25, செவ்வாய்

ப்ரூஜ் போனோம். படகில் ஊரைச் சுற்றிக் காட்டினார்கள். மித்ரா வழி முழுக்கக் கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே வந்தாள். "கையை உள்ள எடு" என்றேன். தொழில் பழக்கம். ஒரு லாரிக்காரன் சந்துக்குள் ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்தான். போட்டோ எடுத்துக்கொண்டேன். மித்ரா மாதா கோவிலைப் போட்டோ எடுத்தாள்.

ஜூன் 26, புதன்

பூமிநாதன் வீட்டுக்குச் சாப்பாட்டுக்குப் போனோம். சீர்ப் பெட்டியை எடுத்துப் போகவில்லை. அது விசேஷத்தில் நாலு பேர் பார்க்கக் கொடுக்கிற சாமான். ஊறுகாய், முறுக்கு, கருப்பட்டி மட்டும் கொண்டுபோனேன்.

"வாங்க மச்சான். ஏர்போர்ட்டுக்கு வரணும்னுதான் கிளம்புனேன், திடீர்னு ஒரு கால்" என்றான் பூமிநாதன்.

"வாங்கண்ணே" என்றாள் அவன் மனைவி ஷர்மிளா. வீடு நல்ல வீடு. சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். சடங்குப் பிள்ளை வர்ஷிகா ஓடி வந்து மித்ராவைக் கட்டிக்கொண்டாள்.

மேல்மாடியில் குடியிருக்கும் கோயம்புத்தூர் அம்மா ஒருத்தர் ஏதோ பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்தார். மித்ராவைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நீ அன்னைக்கு பர்த்டே பார்ட்டிக்கு வேலைக்கு வந்த பொண்ணுதானே கண்ணு! என்ன சுத்தமா எல்லாருக்கும் பரிமாறி, பாத்திரமெல்லாம் கழுவி வெச்சே! எனக்கும் ஒரு நாளைக்கு வேணும், நம்பர் குடுன்னு இந்த ஷர்மிகிட்டக் கேட்டேன், குடுக்கவே இல்லை பாரு. சனிக்கிழமையும் நீதானா?"

ஷர்மிளா அடுப்பை எட்டிப் பார்க்கப் போனாள். பூமிநாதன் சிரித்தான். "மச்சான், காபி ஆறுது பாருங்க" என்றான். என் கையில் காபியே இல்லை.

ரயிலில் கேட்டேன். மித்ரா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மார்ச்ல வர்ஷிகா தம்பி அஸ்வின் பர்த்டேப்பா. அத்தை தனியாக் கஷ்டப்பட்டாங்க, நானாத்தான் கூட நின்னேன். வந்தவங்க யாருன்னு கேட்டாங்க. மாமா, 'ஊர்ல தெரிஞ்சவங்க வீட்டுப் பொண்ணு, கைச்செலவுக்காக வருது'ன்னு சொன்னாங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"நான் மறந்துட்டேன்ப்பா."

நான் மறக்கவில்லை. அருப்புக்கோட்டையில் கார் ஓட்டக் கற்றுக் கொடுப்பவன் மகளை அக்கா மகள் என்று சொல்ல அவனுக்கு நாக்குக் கூசியிருக்கிறது. இவனுக்கும் நான்தானே வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தேன்! அன்றைக்கே இரண்டாவது பிரேக்கில் கால் வைக்காமல் கருவேலங்காட்டுக்குள் விட்டிருக்க வேண்டும்.

ஊறுகாயைக் கொடுத்துவிட்டேனே என்பதுதான் தாங்க முடியவில்லை. புஷ்பம் கைப்பட வெயிலில் காய வைத்துப் போட்ட நார்த்தங்காய்.

ஜூன் 27, வியாழன்

காலையிலிருந்து மனசு சுறுசுறுப்பாக இருக்கிறது. பழிவாங்கும் எண்ணம் வந்தால் முட்டி வலி போய்விடும் என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அன்றைக்குப் பார்ட்டிக்கு வந்த அதே ஆட்கள் முன்னால், பூமிநாதன் தன் வாயால் "இவ என் அக்கா மக" என்று சொல்ல வேண்டும். அவள் பரிமாறின அதே ஆட்கள் பார்க்க, அவன் அவளுக்குப் பரிமாற வேண்டும்.

வழி நம் சம்பிரதாயத்திலேயே இருக்கிறது. சண்டை போட வேண்டியதில்லை. அத்தை வராவிட்டால் அத்தை மகள் நின்று சீர்த்தட்டைக் கொடுக்கலாம். சீர் கொண்டு வந்தவர்களை முதல் பந்தியில் உட்கார வைத்து, வீட்டுக்காரன் தன் கையால் பரிமாற வேண்டும். எங்கள் பக்கத்தில் இதில் குறை வைத்தால் மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். அவன் மறுக்க முடியாது.

மித்ராவிடம் சொன்னேன். துணியை மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"அப்பா, சனிக்கிழமை நான் கடலுக்குப் போறேன்னு சொன்னேன்ல."

"கடல் எங்கயும் ஓடிப் போயிராது தாயி."

"இவங்க போயிருவாங்கப்பா."

"உன்னைய வேலைக்காரின்னு சொல்லியிருக்கான். உனக்கு ரோஷம் வரலையா?"

"வேலைக்காரின்னா என்னப்பா? இங்க டெய்லி கழுவுறேன். எனக்கு மாமா ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்கு சனிக்கிழமைதான் வேணும்."

பிள்ளைகளுக்குத் தெரியாது. இந்த வலி பெற்றவனுக்குத்தான் தெரியும். "அப்பச் சரி, நானும் போகலை. பெட்டியை அப்படியே ஊருக்குத் திருப்பிக் கொண்டு போறேன். உங்கம்மாகிட்ட நீயே காரணத்தைச் சொல்லிக்க" என்றேன்.

அம்மாவுக்குத் தம்பி என்றால் உயிர் என்று அவளுக்குத் தெரியும். சோறு ஊட்டி வளர்த்த தம்பி. "சரிப்பா" என்றாள்.

ஆக, இரண்டு பேரும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம்.

சாயங்காலம் புஷ்பம் போனில் கேட்டாள். "என் தம்பி நல்லாக் கவனிச்சானா?"

"நல்லாக் கவனிச்சான். நானும் அவனை நல்லாக் கவனிக்கலாம்னு இருக்கேன்."

"உங்களுக்கு அவன் மேல எப்பவும் பிரியம்தான்" என்றாள்.

ஜூன் 28, வெள்ளி

வேட்டியைத் தேய்த்தேன். புஷ்பம் வைத்துவிட்ட காகித வாழை இலைக் கட்டைத் தனிப் பையில் எடுத்து வைத்தேன். கத்தியைத் தீட்டுகிறவன்கூட இவ்வளவு அழகாகச் செய்ய மாட்டான்.

குளியலறைக் கொடியில் அந்த நீல உடுப்பு இல்லை. மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டாள் போலிருக்கிறது. நல்லது.

ஜூன் 29, சனி

காலையில் நாங்கள் பட்டுப் புடவையும் வேட்டியுமாக இறங்குகிறோம், இனேஸ் கூட்டம் துண்டும் பந்துமாக இறங்குகிறது. ஸ்டேஷன் வரை ஒன்றாகவே போனோம். அவர்கள் பிளாட்பாரம் வேறு. அவர்கள் ரயில் முதலில் வந்தது. இனேஸ் கதவு மூடும்வரை மித்ராவின் கையை விடவில்லை. சின்னப் பிள்ளைகள்.

ஹாலில் நல்ல கூட்டம். வாசலில் பூமிநாதன் பட்டுச்சட்டையில் நின்றான். மித்ராவைப் பார்த்ததும் அவன் சிரிப்பு பாதியில் நின்று, பிறகு மறுபடி கிளம்பியது. புதிதாகக் கற்றுக்கொள்பவன் கியர் மாற்றுவது மாதிரி.

"மித்ரா வரமாட்டான்னு..."

"சீர்த் தட்டை யார் குடுக்குறது மாப்ளே? அத்தை வரலை. அத்தை மகதான நிக்கணும்? நீயே சொல்லு."

ஒதுங்கி வழி விட்டான். மேடை ஏறினோம். வர்ஷிகா மட்டும் நிஜமான சந்தோஷத்தில் குதித்தாள். மித்ரா அவள் கன்னத்தில் சந்தனம் பூசி, வளையல் போட்டுவிட்டு, சேலைத் தட்டைக் கையில் கொடுத்தாள். முதல் வரிசையில் இருந்த கோயம்புத்தூர் அம்மா கண்ணை இடுக்கிப் பார்த்தார். எழுந்தே விட்டார்.

"ஏனுங் பூமி, இது அன்னைக்கு வேலைக்கு வந்த பொண்ணாச்சே! இது எப்படி...?"

ஹால் முழுக்கக் கேட்டது. இந்த அம்மாவுக்குக் கோவில் கட்டலாம். நான் பூமிநாதனையே பார்த்தேன். மைக்கை எடுத்தான். இதோ, இதோ.

"இவ என் சொந்த அக்கா மக!" என்றான். என் காது குளிர்ந்தது. ஆனால் பயல் நிறுத்தவில்லை. "எங்க வீட்டுப் பிள்ளை. இங்க படிக்க வந்ததே என்னாலதான். அஞ்சு மாசமா என் பொண்ணு மாதிரித்தான் பாத்துக்கிட்டேன். அன்னைக்கு பார்ட்டியில சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன், எல்லாரும் நம்பிட்டீங்க!"

கை தட்டினார்கள். கைதட்டல்! நான் பார்த்துப் பார்த்துக் கொண்டு வந்த வண்டியை ஏறி ஓட்டிக்கொண்டு போய்விட்டான். மித்ரா என்னைப் பார்த்தாள். 'வந்த வேலை முடிஞ்சதா?' என்பது போலிருந்தது. முடியவில்லை. பந்தி இருக்கிறதே.

அங்கே பந்தி இல்லை. சுவர் ஓரமாக மேஜை போட்டு, பாத்திரம் வரிசையாக வைத்து, ஆளாளுக்குத் தட்டை ஏந்தி எடுத்துக்கொள்கிறார்கள். நான் ஒரு வட்ட மேஜையில் உட்கார்ந்து, மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டு காகித இலையை விரித்தேன். தண்ணீர் தெளித்தேன். உட்கார்ந்தே இருந்தேன்.

"மச்சான், இங்க பஃபே. நாமளே எடுத்துக்கணும்" என்றான் பூமிநாதன் காதோரமாக.

"சீர் கொண்டு வந்தவன் தட்டைத் தூக்கிட்டு வரிசையில நின்னான்னு அருப்புக்கோட்டையில தெரிஞ்சா உங்கக்கா மானம் என்னாகும் மாப்ளே? முதல் பந்தி. வீட்டுக்காரன் கை. மறந்துட்டியா?" என்றேன் நல்ல சத்தமாக.

பக்கத்து மேஜைகள் திரும்பின. பெரியவர் ஒருவர், "அதானே, முறைன்னா முறைதான்" என்றார். யாரென்று தெரியாது, அவர் வம்சம் நல்லா இருக்கட்டும். பூமிநாதன் போய்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"முதல்ல என் மகளுக்கு வை."

வைத்தான். குனிந்து வைத்தான். என் மகளுக்குச் சோறு, பருப்பு, பொரியல். பிறகு எனக்கு. சாம்பார் வாளியோடு வந்தான். "இன்னும் கொஞ்சம்." ரசம். "நார்த்தங்காய் ஊறுகாய் இருக்குமே?" வீட்டிலிருந்து கொண்டு வரவில்லையாம். "அப்பளம்." "மாப்ளே, மறுசோறு." "பாயாசம் அவளுக்கு ரெண்டு கரண்டி." ஹால் முழுக்க வேடிக்கை பார்த்தது. பட்டுச்சட்டைக் கையில் சாம்பார் வழிந்து காய்ந்தது. வாழ்க்கையில் நான் சாப்பிட்ட மிக ருசியான சாப்பாடு. உப்பு இருந்ததா என்றுகூடத் தெரியாது.

மறுசோற்றுக்குப் பிறகு வயிறு கெஞ்சியது. விடவில்லை. பகையாளி பரிமாறும்போது போதும் என்று சொன்னால் அவன் ஜெயித்த மாதிரி. மோர் சோறும் வாங்கினேன்.

மித்ரா இலையில் பாதிக்குமேல் அப்படியே இருந்தது. மாமன் மறுபடி வந்தபோது இலைக்கு மேல் கையை விரித்து, "போதும் மாமா, நீங்க போய் உக்காருங்க" என்றாள். மேஜைக்கு அடியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இடத்தில் நானாக இருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து பாயாசத்தை இரண்டு தரம் கேட்டிருப்பேன்.

திரும்பும் ரயிலில் என்னால் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே வந்தேன். மித்ரா ஜீரண மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். நல்லவேளை வைத்திருந்தாள்.

ஜூன் 30, ஞாயிறு

வராந்தா காலியாகிக்கொண்டிருக்கிறது. ஒரு கதவு திறக்கும், பெட்டி உருளும், கட்டிப்பிடிப்பார்கள், அழுவார்கள், மறுபடி சிரிப்பார்கள். சமையலறையில் மீதமிருந்த பாத்திரங்களைத் தனியாக நின்று மித்ரா கழுவினாள். நான் துடைத்தேன்.

பூமிநாதன் போன் பண்ணினான். சுற்றிச் சுற்றிப் பேசினான். கடைசியில் விஷயத்துக்கு வந்தான். "மச்சான், அந்த பர்த்டே விஷயம், அக்காகிட்ட எதுவும் சொல்லிராதீங்க."

அமிர்தம். "யோசிக்கிறேன் மாப்ளே" என்றேன். வருஷம் முழுக்க யோசிக்கலாம் என்றிருக்கிறேன். ஊர்க் கோவில் வைகாசிப் பொங்கலுக்கு அவன் வருவான். அக்கா வீட்டில் சாப்பிட உட்காருவான். அப்போது நான் தொண்டையைக் கனைத்தாலே போதும், சோறு இறங்காது.

மதியம் இனேஸ் கிளம்பினாள். தன் சைக்கிள் சாவியை மித்ராவிடம் கொடுத்தாள். மித்ராவும் நாளைக்குப் போகிறவள்தானே, சைக்கிளை என்ன செய்வாள்? அது அவர்களுக்குள் என்ன கணக்கோ. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் டாக்சி டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இனேஸ் என்னிடமும் வந்தாள். எனக்குப் புரிகிற அளவுக்கு இங்கிலீஷை உடைத்து உடைத்துச் சொன்னாள். மித்ரா, பிப்ரவரியில், நீச்சல், ஜீரோ. தண்ணீர் என்றாலே பயம். தினமும் பூல். இப்போது சூப்பர். சனிக்கிழமை, கடல், முதல் தடவை, எல்லாரும் சேர்ந்து. அன்றைக்கு மாதிரியே இரண்டு கையையும் முன்னால் வீசிக் காட்டினாள்.

போனில் போட்டோவும் காட்டினாள். இடுப்பளவு தண்ணீரில் எல்லாரும் கை கோத்து வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம். அந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் கையை நீட்டியபடி வெறுங்காற்றைப் பிடித்திருந்தார்கள்.

"நைஸ் போட்டோ" என்றேன்.

ஜூலை 1, திங்கள்

விமானத்தில் எழுதுகிறேன். ஏறும்போது சரியான சீட்டில்தான் உட்கார்ந்தேன்.

ஏர்போர்ட்டில் இருக்கும்போதே புஷ்பம் போன் பண்ணினாள். ஷர்மிளா போட்டோ அனுப்பியிருக்கிறாள். தம்பி சாம்பார் வாளியோடு குனிந்து நிற்கிறான், நான் இலை முன்னால் நாட்டாமை மாதிரி இருக்கிறேன். "என் தம்பிக்கு அங்க போயும் முறை மறக்கலை பாத்தீங்களா" என்று அழுதாள். அதைக் கேட்டுக்கொண்டு நான் என்ன செய்ய? ஆமாம் என்றேன். அந்த ஊறுகாய் மட்டும் இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

ஜன்னலோரம் மித்ரா. வளைகுடாவுக்கு மேல் விமானம் தாழ்ந்தது. கீழே கடல், கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும். கைப்பையிலிருந்து அந்த ரப்பர் குல்லாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, விரலால் நீவி நீவி மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

"பெரிய பெட்டியில போட்டிருக்கலாமே தாயி" என்றேன்.

"இருக்கட்டும்ப்பா."

கொஞ்சம் கழித்து அவளே கேட்டாள். கோபமாக இல்லை. அவ்வளவு சாதாரணமாகக் கேட்டாள்.

"அப்பா, மாமா பரிமாறுனது உங்களுக்குத் திருப்தியா?"

"ரொம்ப" என்றேன். "வயிறு இன்னும் சரியாகலை" என்றேன். சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் கடலைப் பார்த்தாள். நான் அவள் தலைக்கு மேலாக அதே கடலைப் பார்த்தேன். வலது கால் அதுபாட்டுக்கு இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது.

நீ கடலுக்கே போயிருக்கலாம் தாயி.